நாடா முடிச்சு

“அவரு இன்னா திருடனா? கைய வுடுங்க சிஸ்டர்!”

ஜெயசித்ரா போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. பிரியதர்ஷினி சிஸ்டர் பாக்யராஜின் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் சொல்லிட்டாரும்மா. தொண்டைக் குழாயப் புடிச்சுப் புடிச்சு இழுக்கிறாரு. வெளிய வந்துட்டா மூச்சு நின்னுடும்.”

கரும்பு லாரியிலிருந்து விழுந்ததிலிருந்து பாக்யராஜுக்கு அந்தக் குழாய் வழியாகத்தான் மூச்சு. பேச்சு வராது. கட்டிய கைகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த வேலம்மாள் ஜெயசித்ராவை முழங்கையால் இடித்தாள்.

“சிஸ்டரு கழுத்தப் பாத்தியா?”

பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் காலருக்கு மேலே, கழுத்தைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு.

“தூக்கு மாட்டிக்கப் பாத்திருக்கா. மண்ணாடிப்பட்டுல எங்க தெருவுலயும் ஒருத்தி இப்பிடித்தான். பொழச்சிக்கினா, கோடு மட்டும் போவல.”

“சும்மா இருங்கக்கா.”

“இன்னா சும்மா? தன் உசுரே வேணாம்னு இருக்கறவ கையில உம் புருஷன் கழுத்தக் குடுப்பியா? வேற நர்ச கேளுடி.”

சிஸ்டர் தட்டோடு வந்ததும் ஜெயசித்ரா சொல்லிவிட்டாள்.

“நீங்க வேணாம். வேற யாராச்சும் வரட்டும்.”

“கோவம் இருக்கும்மா, தெரியுது. இன்னிக்கி ஒருவாட்டி வுடுங்க. இந்தாங்க, கையுறையப் போட்டுக்கினு குழாய அசையாம புடிச்சிக்குங்க.”

ஜெயசித்ரா வேண்டாவெறுப்பாகக் குழாயைப் பிடித்துக்கொள்ள, சிஸ்டர் அதைச் சுற்றியிருந்த ஈரத் துணியை எடுத்து, சுத்தம் செய்து, புதுத் துணி வைத்தாள். குழாயைக் கழுத்தோடு கட்டியிருந்த நாடாவை வெட்டி எடுத்து, அவன் தலையை மெல்லத் திருப்பினாள்.

பின்கழுத்தில், முடிச்சு இருந்த இடத்தில், தோல் உரிந்து சிவந்திருந்தது.

“மல்லாக்கவே படுத்திருக்காரு. நாங்க யாரும் திருப்பிப் பாக்கல, தப்புதான். அவரு குழாய இழுக்கலம்மா. இந்த முடிச்சத்தான் இழுத்திருக்காரு.”

புண்ணுக்கு மருந்து வைத்தாள். புது நாடாவின் முடிச்சைப் பக்கவாட்டில் போட்டாள். இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். பிறகு கைக்கட்டுகளை அவிழ்த்தாள்.

பாக்யராஜின் கை கழுத்துக்குப் போகவில்லை. சிஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஜெயசித்ரா சிஸ்டரிடம் திரும்பினாள். “உங்களுக்கு எப்பிடி சிஸ்டர் தெரிஞ்சிது?”

“அவரால வாயத் தொறந்து சொல்ல முடியாதில்ல? நேத்து ராத்திரி வூட்ல நானும் இதே மாதிரி நாடா கட்டிக்கினு மல்லாக்கப் படுத்துப் பாத்தேன்.” சிரித்தாள். “எனக்கும் கை தன்னால அங்கதான் போச்சி.”

சிந்திய பஞ்சைப் பொறுக்க அவள் குனிந்தபோது பின்கழுத்தில் அந்தச் சிவப்புக் கோடு தெரிந்தது. பக்கத்துக் கட்டிலருகிலிருந்து வேலம்மாள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

ஜெயசித்ரா கையுறையைக் கழற்றிவிட்டு, சிஸ்டரின் காலரைப் பின்னாலிருந்து மேலே இழுத்துவிட்டாள்.