சின்ன உடம்பு

ஸ்கேன் சென்டரில் ஜெனிலாவைக் கூப்பிட இன்னும் நேரமிருந்தது. எட்டு மாத வயிற்றில் காலையிலிருந்து அசைவே இல்லை. நாற்காலியில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பக்கத்துலதான் இருப்பேன்" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு எழுந்தவள், அடுத்திருந்த இசைக்கருவிக் கடைக்குள் ஏன் நுழைந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"ரொம்ப விலை இல்லாம ஒரு கிதார் காட்டுங்க."

"யாருக்கு சிஸ்டர்?"

"எனக்குத்தான்" என்றாள் அவசரமாக. பிறக்கும் முன்னே பிள்ளைக்கென்று ஒரு துணிகூட வாங்கக் கூடாது என்பது மாமியாரின் கண்டிப்பு.

கடைக்காரர் அவளை ஸ்டூலில் உட்காரவைத்து முதலில் கொடுத்த கிதாரை வயிறு முன்னே தள்ளியது. கம்பிக்குக் கை எட்டவில்லை. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது, இடுப்பு ஒடுங்கிச் சிறுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டி உட்கார்ந்தது.

"சின்ன உடம்பு சிஸ்டர். சத்தம் தூரம் போகாது. ஆனா மடியில வச்சிருக்கிறவங்களுக்கு நல்லாக் கேக்கும்."

கம்பிகளை ஒருமுறை வருடினாள். அதிர்வு பலகை வழியே வயிற்றுக்குள் இறங்கியது. காத்திருந்தாள். மறுபடி வருடினாள், கொஞ்சம் பலமாக. வாசலில் நர்ஸ் வந்து நின்று அவள் பெயரைச் சொன்னாள்.

ஜெனிலா எழவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் கம்பிகளை அழுத்தி ஓசையை அடக்கிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க சிஸ்டர், அப்பத்தானே..." என்று ஆரம்பித்த கடைக்காரர் நிறுத்தினார். "கிதாரோட பின்பக்கம் எதுக்குத் தட்டுறீங்க?"

அவளுடைய இரண்டு கைகளும் கம்பிகளின் மேல்தான் இருந்தன.