பாப்பம்மா வீட்டு ட்ரம்மு

"என் ட்ரம்மைக் கவுத்தவ கை வெளங்குமா? பத்து நாளா பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே!"

சூளகிரி லைன் வீட்டு வாசல்ல பாப்பம்மா போட்ட கத்தல்ல, நைட் ஷிப்ட் முடிச்சுத் தூங்கினவங்ககூட எழுந்து வந்துட்டாங்க. எதிர்ல மாதேஸ்வரி, கையில தண்ணி மொண்டு பார்க்கற நீளக் காம்புக் கரண்டியோட, முட்டி வரைக்கும் நனைஞ்சு நிக்கறா.

தொரப்பள்ளிப் பொண்ணு. கூலி வேலை செய்யற வீட்ல இருந்து எம்.எஸ்சி. வரைக்கும் படிச்சிட்டா. கொசு ஆராய்ச்சிக்குன்னு புதுசா எடுத்த எட்டுப் பேர்ல ஒருத்தி. மூணு மாசமா டிரெய்னிங். வீடு வீடாப் போய்த் தண்ணியில கொசுப்புழு இருக்கான்னு பார்க்கணும்.

நாளைக்குக் கடைசிப் பரிட்சை, பெங்களூர்ல இருந்து பெரிய டாக்டரம்மா வராங்க. தேறினா ரெண்டு வருஷ வேலை. தேறலைன்னா ஃபேக்டரிக்கு ஆள் ஏத்தற கம்பெனி வேனுக்குக் காத்து நிக்க வேண்டியதுதான். அதான் கடைசியா ஒரு சுத்துப் பார்த்துடலாம்னு வந்தா.

"அக்கா, உள்ள பூராப் புழு துள்ளுதுக்கா."

"துள்ளட்டுமே! உன் இடுப்புலயா துள்ளுது?"

கூட்டம் சிரிச்சது.

"டெங்கு வரும்க்கா."

"வந்தா எனக்கு வருது. நீயா வந்து கஞ்சி காய்ச்சி ஊத்தப் போற?"

பக்கத்து வீட்டு நாராயணம்மாவுக்குப் பொறுக்கல. "ஏண்டி, உள்ள மூடி போட்ட இன்னொரு ட்ரம்மு நெறைய நல்ல தண்ணி இருக்குது. இதுக்குப் போயி ஊரைக் கூட்டறியே. தண்ணிக்கு அழறியா, புழுவுக்கு அழறியா?"

பாப்பம்மா அதைக் காதுல வாங்காத மாதிரி ட்ரம்மை நிமித்தி வச்சா. கொட்டின தண்ணியோட ஒரு கைப்பிடி வைக்கோலும் மண்ணுல கிடந்துச்சு. மாடே இல்லாத வீட்ல வைக்கோல் எதுக்குன்னு மாதேஸ்வரிக்கு ஒரு யோசனை. இந்தச் சண்டையில அதையெல்லாம் எங்க கேக்கறது.

"இரு, உங்க சாருக்கே போன் போடறேன். அவரு வந்து கேக்கட்டும்!" பாப்பம்மா போனை எடுத்தா.

மாதேஸ்வரிக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். போடட்டும். டிரெய்னிங் குடுக்கற கமலக்கண்ணன் சாரு முதல் நாள்ல இருந்து பாடறது ஒரே பாட்டுதான்: "புழுவைப் பார்த்தா யாரையும் கேக்காதே. கொட்டு."

சாரு பைக்ல பறந்து வந்தாரு. ஹெல்மெட்கூட கழட்டல.

"சார், ஒரு ட்ரம்மு புழு! ஒன்னு விடாம கொட்டிட்டேன்!"

சாரு மண்ணைப் பார்த்தாரு. வைக்கோலைப் பார்த்தாரு. அப்படியே படியில உக்காந்துட்டாரு.

"என் மேல தப்பு இல்ல சாரு," பாப்பம்மா குரல் எறங்கிடுச்சு. "வைக்கோல் ஊறினா கொசு தேடி வரும்னீங்க, போட்டேன். யாருகிட்டயும் சொல்லாதன்னீங்க, சொல்லல."

மாதேஸ்வரி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா.

"மூணு மாசமா எட்டுப் பேரும் கொட்டு கொட்டுனு கொட்டிட்டீங்களேம்மா," சாரு தலையில கை வச்சாரு. "சுத்துவட்டாரத்துல ஒரு புழு கெடையாது. நாளைக்கு டாக்டரம்மா முன்னாடி ஆளுக்கு ஒரு கரண்டி மொண்டு புழுவைக் காட்டணும். காட்டினாத்தான் மார்க்கு. அதுக்குத்தான் இந்தம்மாகிட்ட புழு வளக்கச் சொன்னேன்."

"புழு இல்லைன்னா நல்லதுதானே சார்?"

"ஊருக்கு நல்லது. நமக்கு?"

ஈரமண்ணுல கடைசிப் புழு ரெண்டு தரம் நெளிஞ்சு அடங்கிடுச்சு. ரோட்டுல கம்பெனி வேன் ஹாரன் அடிச்சுட்டுப் போச்சு.

மாதேஸ்வரி போனை எடுத்தா. லைன் வீட்டு வாட்ஸ்அப் குரூப். 'தேங்கின தண்ணியைக் கொட்டுங்க'ன்னு மூணு மாசமா தெனம் காலையில அவ மெசேஜ் போடற குரூப்பு. அதுலயே இப்ப டைப் பண்ணா:

"அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். யார் வீட்டுத் தண்ணியிலயாவது புழு இருந்தா தயவுசெஞ்சு கொட்டிடாதீங்க. உடனே பதில் போடுங்க."