பெண் பார்க்கப் போன சந்தை

"இஞ்சை இன்னும் நிண்டா நான் சத்தி எடுத்துப்போடுவன்," என்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் கமலாம்பிகை.

சைனாடவுனில் சீனப் புது வருஷ இரவுச் சந்தை. கழுத்தோடு தொங்கும் தாரா வாத்துகள், சட்டியில் கொதிக்கும் கோழிக் கால்கள், தட்டில் அடுக்கிய பன்றிக் காதுகள். ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்குள் முட்டையைக்கூட விடாதவள் அவள்.

"உம்மட மருமகள்தானே இந்த விளக்குக் கடையடியில நிக்கச் சொன்னவள்," என்றார் கணவர் தில்லையம்பலம்.

அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மகன் விரும்பிய மலேசியத் தமிழ்ப் பெண் பவளக்கொடியை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறாள். போனில் வாய் நிறைய 'அத்தை' என்று கூப்பிட்டே அவள் இவளை வளைத்துப் போட்டிருந்தாள். சுத்த சைவம், ஞாயிறு தவறாமல் ஆர்ச்வே முருகன் கோயில். தத்தெடுத்த பிள்ளை என்று மகன் தயங்கித் தயங்கிச் சொன்னபோதும், "பெத்தவை ஆராயிருந்தா என்ன, வளர்ப்புத்தானே முக்கியம்," என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டாள். பிடித்தால் இங்கேயே போட்டுவிடக் கைப்பையில் ஒரு சோடிக் காப்பும் இருந்தது.

விளக்குக் கடையில் நெற்றியில் மாவு அப்பிய ஒரு சீனப் பெண், பக்கத்துக் கடைக்காரனுக்குப் பன்றி இறைச்சித் தட்டைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கவே அருவருப்பாக இருந்ததில் கமலாம்பிகை இரண்டடி பின்னால் போனாள். சிந்திக் கிடந்த எண்ணெய் காலை வாரியது.

அந்தப் பெண் ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கமலாம்பிகை உதறித் தள்ளினாள்.

"சீ, பண்டியைத் தொட்ட கை. அரியண்டம். மருமகள் வாற நேரம், இவளை அங்கால போகச் சொல்லுங்கோ."

சீனப் பெண் தன் கைகளைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். கமலாம்பிகை அவள் பிடித்த இடத்தைக் கைக்குட்டையால் சிவக்கச் சிவக்கத் துடைத்தாள்.

சற்று நேரத்தில், "அத்தை," என்று முதுகுக்குப் பின்னால் போனில் கேட்ட அதே குரல். அப்பாடா என்று காப்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

ஈரம் சொட்டும் கைகளோடு அதே சீனப் பெண் நின்றாள். கிட்டத்தில் பார்த்தால் நெற்றியில் இருந்தது மாவு இல்லை, விபூதி.

"கையக் கழுவிட்டு வந்துட்டேன், அத்தை."