தாலித் திருடி

"சிஸ்டர், பூங்காவனம் அக்கா திருடுறாங்க!"

மூச்சிரைக்க ஓடிவந்து நின்ற சந்திரமதியைப் பெரிய சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"யார்கிட்ட?"

"செத்துப்போன பொண்ணுகிட்ட!"

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா கொண்டாட்டம் இன்னும் அடங்காத நேரம். காஜா பெராங்கில் இருந்த அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில், தாதிகளுக்கு உதவியாள் வேலை பழகச் சந்திரமதி சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பழக்கிவிடுகிறவள் பூங்காவனம். அதட்டாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

விடிகிற நேரத்தில் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண் ஒருத்தி பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. பிணத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். சந்திரமதிக்கு இதுதான் முதல் தடவை.

"மசமசன்னு நிக்காதே, வெந்நீர் கொண்டா" என்று விரட்டினாள் பூங்காவனம்.

வாளியோடு திரும்பியவள் வாசலிலேயே உறைந்துபோனாள்.

பூங்காவனம் பிணத்தின் மேல் குனிந்திருந்தாள். கழுத்தடியில் விரல்கள் பரபரத்தன. மஞ்சள் கயிறு. அதில் பொன் மின்னியது.

வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவள்தான் இப்போது சிஸ்டர் முன்னால் நின்றாள்.

"என் கண்ணால பார்த்தேன் சிஸ்டர். செத்தவ கழுத்துத் தாலியைக்கூட விட்டுவைக்கல. அவங்கெல்லாம் ஒரு மனுஷியா?"

"தாலியா? நல்லாப் பார்த்தியா?"

"சத்தியமா!"

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே ஆகலையே. ஏமாத்தினவன் ஓடிட்டான். 'எனக்கு அப்படி ஒரு மகளே கிடையாது'ன்னு பெத்தவன் கங்காணிகிட்டச் சொல்லி அனுப்பிட்டான். அவ கழுத்துல ஏது தாலி?"



சிஸ்டர் விருட்டென்று எழுந்து நடந்தார். சந்திரமதியும் பின்னாலேயே ஓடினாள்.

பூங்காவனம் இறந்தவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் வெள்ளைத் துணியை விலக்கினார்.

பெண்ணின் கழுத்தில் தாலி!

சந்திரமதியின் பார்வை தானாகப் பூங்காவனத்தின் கழுத்துக்குப் போனது. அது மூளியாக இருந்தது.

"ஐயையோ, என்னக்கா இது! கட்டின தாலியை யாராவது..."

பூங்காவனம் அதட்டவில்லை. சீப்பைக் கீழே வைத்தாள்.

"வலியிலயும் என் கையை விடல சிஸ்டர், இந்தப் பிள்ளை. 'தாலி இல்லாமச் செத்தா, தூக்கிட்டுப் போறவங்க என்னை என்ன பேசுவாங்கக்கா'ன்னு அழுதுக்கிட்டே போயிட்டா."

சிஸ்டர் துணியை மெல்ல இழுத்து மூடினார்.

"சண்டைக் காலத்துல ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடிச்சுட்டுப் போன என் மனுஷன் இனி எங்க வரப்போறாரு? தாலியறுத்தவங்கிற பேரு எனக்கு இருந்துட்டுப் போகட்டும். இவ சுமங்கலியாப் போகட்டும்."