கழுவிய பஞ்சு

இறந்துபோன மனைவி வளர்த்த மீன்களில் ஒன்றுதான் மிஞ்சியது. அதையாவது சாகவிடக்கூடாது என்று தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்ய மலிவாக ஒரு பவர் ஃபில்டர் வாங்கினேன்.

"உள்ள இருக்கிற பஞ்சை வாராவாரம் கழுவணும் தம்பி. குழாய்த் தண்ணி வேண்டாம், தொட்டித் தண்ணியில. இல்லேன்னா விலைக்கு ஏத்த ஆயுசுதான்" என்றார் கடைக்காரர்.

நான் ஒருமுறைகூடக் கழுவவில்லை. மாதங்கள் போயும் தண்ணீர் பளிங்காக இருந்தது.

நேற்று வேலை முடிந்து, மைத்துனியோடு வந்து வீட்டுப் பூட்டைத் திறந்தேன். உள்ளே போனவள் ஃபில்டர் மூடியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தாள்.

"சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டீங்க அத்தான். பஞ்சை மட்டும் அக்கா மாதிரியே கழுவிப் பிழிஞ்சிருக்கீங்க!"

தொட்டியருகே ஒரு குவளை இருந்தது. அதில் அழுக்குத் தண்ணீர் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.

கழற்றிய செருப்பை மறுபடி மாட்டினேன்.

"வா, மீனுக்கு ஒரு துணை வாங்கிட்டு வரலாம்."