புள்ளி ஏழு

கல்லூரி ஆய்வகத்தில் செய்முறைத் தேர்வு. டையோடை எண்ணெயில் வைத்து, சூடு ஏற ஏற மின்னழுத்தம் இறங்குவதைக் குறித்து, அதன் ஆற்றல் இடைவெளியைக் கணக்கிட வேண்டும். தமிழ்மதிக்கு 1.1 வந்தது.

"புள்ளி ஏழுதான்டி வரணும்," என்றாள் பக்கத்து மேசை நாகஜோதி. "நம்ம லேப்ல இருக்கது ஜெர்மானியம்."

"மூணு தடவ சூடேத்திப் பாத்துட்டேன்டி."

"நாங்க சீனியர் நோட்ட மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கோம். நீ விஞ்ஞானி கணக்கா சூடேத்திக்கிட்டிருக்க! அரியர் விழுந்தா எம்.எஸ்ஸி. கெடையாதுன்னு உங்கப்பா சொல்லிட்டாருல்ல? மாத்துடி."

தமிழ்மதி தன் தாளைக் கிழித்துப் போட்டாள். புதுத் தாள் வாங்கி, நாகஜோதியைப் பார்த்து எழுதிக் கொடுத்தாள்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இருபது பேருக்கும் புள்ளி ஏழு. பலே! காலையில டையோடை எல்லாம் மாத்தி வச்சது நான்தான். இப்ப இருக்கறது சிலிக்கான். ஒண்ணு புள்ளி ஒண்ணு வரணும். ஒரு ஆள்கூடவா நெசமா சூடேத்திப் பாக்கல?"

தமிழ்மதி எழுந்தாள்.

"நான் பாத்தேன் சார். ஒண்ணு புள்ளி ஒண்ணுதான் வந்துச்சு."

அவர் ஆவலோடு அவளுடைய தாளைத் தேடி உருவினார்.

"இதுல புள்ளி ஏழுன்னுல்லம்மா இருக்கு?"