ஆங்கிலத்தில் மட்டும்

பவளக்கொடி புருஷனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த தையல் மிஷினை, ஒரு வார்த்தை கேட்காமல், செல்வநாயகம் தன் தங்கைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான். ஆனால் இருவரும் சேர்ந்து போகும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில், வீட்டுப்பாடத்தை ஜோடியாகச் சத்தம்போட்டுச் சொல்லிப் பழக வேண்டும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு எதிரெதிரே உட்கார்ந்து ஆங்கிலத்தில் மட்டும் பேசிக்கொண்டார்கள். அது பேச்சில் சேராது என்பது அவள் கணக்கு.

அன்றைய பாடம் 'கிவ்'. யார், எதை, யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும்.

"ஐ கிவ் வாட்டர் டு யூ" என்று செம்பை நகர்த்தினான் அவன்.

அவள் செம்பைத் தொடவில்லை. "யூ கிவ் மை மெஷின் டு யுவர் சிஸ்டர்."

தமிழில் சொல்லியிருந்தால் அவனும் பதிலுக்குக் கத்தியிருப்பான். ஆங்கிலத்தில் கத்த அவனிடம் வார்த்தை இல்லை. முந்தின நாள் பாடத்தைத் துழாவி, "டுமாரோ ஐ டேக் மெஷின் ஃப்ரம் சிஸ்டர்" என்றான்.

மறுநாள் தங்கை ஒன்றும் கேட்காமல் மிஷினை ஒரு கை பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். வீட்டில் இறக்கியதும் பவளக்கொடி அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோத்து, ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தாள். பிறகு சக்கரத்தின் மேல் கையை வைத்தபடியே தமிழில் சொன்னாள்.

"கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அவ படுற பாடு எனக்குத் தெரியாதா? நாளைக்கு வரச் சொல்லுங்க. என் கையால குடுக்கணும்."